விளக்கு எரியும்போது கூப்பிடலாமா?

போன வருடம் ஆவணி மாதத்தில், ஒரு முகூர்த்த நாளன்று, மதுரை திருநகரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நடந்தது இது. முகூர்த்த நாள் என்பது ஏன் நினைவிருக்கிறது என்றால், அன்று கல்யாண மண்டபங்களின் முன்னால் நின்ற கார்களும் வேன்களும் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே புகுந்துதான் நான் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு கோவொர்க்கிங் இடம். தனியாக அலுவலகம் போட முடியாதவர்கள், வெளியூர்க் கம்பெனிகளுக்கு மதுரையிலிருந்தே வேலை செய்கிறவர்கள், வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஓடாதவர்கள், இப்படிப் பலர் மாதச் சந்தா கட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். நல்ல இணையம், கரண்ட் போனாலும் நிற்காத ஏசி, கண்ணாடி போட்ட சின்னச் சின்ன போன் அறைகள், காபி எல்லாம் இருக்கும். வருகிறவர்களுக்கு என்ன குறை, என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்வது என் பொறுப்பு. கார்டில் கம்யூனிட்டி மேனேஜர் என்று போட்டிருக்கும்.

அந்தக் கார்டை முதன்முதலில் ஊருக்குக் கொண்டுபோனபோது அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன வேலத்தா இது?" என்று கேட்டார். நாலு பேர் வந்து உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கிற இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அப்ப சத்திரம் மாதிரின்னு சொல்லு" என்றார். அப்பா மட்டும் அந்தக் கார்டைத் திருப்பித் தரவே இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டார்.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த படிப்பு. யாரும் எனக்குச் சும்மா தரவில்லை.

எங்கள் இடத்தில் ஒரு கட்டத்தில் உறுப்பினர்கள் சிலர் சந்தாவைப் புதுப்பிக்காமல் போய்விட்டார்கள். காரணம் கேட்டால் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் முதலாளி என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். டிசைன் திங்கிங் பயிற்சி. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பதை நீயே முடிவு செய்யாதே. முதலில் கவனி. அவர் இடத்தில் நின்று பார். எங்கே முள் தைக்கிறது என்று கண்டுபிடி. சின்னதாக ஒன்றைச் செய்து கொடு. சரிப்பட்டு வருகிறதா என்று பார். வராவிட்டால் மாற்று. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வண்ண ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் எப்படி வருகிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று நாள் முழுக்கக் கவனித்து எழுதினேன்.

முள் எங்கே இருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்தது. இது மதுரை. இங்கே ஒருத்தரைப் பார்த்தும் பேசாமல் போனால் கோபம் என்று அர்த்தம். அதனால் காபி எடுக்கப் போகிறவர் வழியில் இருக்கிற எல்லா மேசையிலும் நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார். வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருத்தர் என்னிடம் புலம்பியே விட்டார்.

"அக்கா, காதுல ஹெட்போன் மாட்டி உக்காந்திருக்கேன். தோளத் தட்டி, கழட்டச் சொல்லி, 'என்ன மாப்ள சாப்டாச்சா'ங்கிறான். சாப்டேன்னா 'என்ன சாப்ட'ங்கிறான். தோசைன்னா 'என்ன சட்னி'ங்கிறான். நான் எப்பக்கா வேலை பாக்க?"

"அக்கறையாக் கேட்டா குத்தமா மாப்ள?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஒங்க அக்கறையில என் வேலையே போயிரும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விட்டுப் போனவர்களுக்கும் இதுதான் காரணம் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. நான் யோசித்து ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு போன் அறையிலும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. வேலையில் மூழ்கியிருப்பவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். விளக்கு எரிந்தால் யாரும் கூப்பிடக் கூடாது. தட்டக் கூடாது. முன்மேசையில் இருக்கும் நாங்களும் அப்படித்தான். போன் வந்தால், ஆள் தேடி வந்தால், சேதியை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கேலி செய்தார்கள். "கோயில் நடை சாத்தியிருக்கு, அப்புறமா வாங்க" என்பார்கள். பிறகு பழகிவிட்டது. பழகியபின் எல்லோரும் விளக்கைக் கொண்டாடினார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அந்த விளக்கைக் காட்டி, "இது எங்க பொண்ணு யோசனை" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அது நல்ல யோசனைதான் என்றே நினைக்கிறேன்.

அந்த உறுப்பினர்களில் ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது இளையவள். பழைய மதுரைக்குள், மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. அவளுடைய அப்பா அங்கேயே ஒரு பாத்திரக் கடை வைத்திருந்தார். அவள் ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை செய்தாள். அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. வாடிக்கையாளர்களின் விவரங்கள் எல்லாம் திரையில் வரும் என்பதால், கையில் செல்போன் இருக்கவே கூடாது. வந்ததும் போனை அணைத்து எங்கள் லாக்கரில் வைத்துவிடுவாள். போன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டுக்கொண்டால் இடைவேளைக்குத்தான் வெளியே வருவாள்.

அவளை அவளுடைய அப்பாதான் தினமும் பழைய மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். அவள் அவரை அத்தா என்பாள். இறக்கிவிட்டு உடனே போய்விட மாட்டார். கீழே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு மேலே பார்த்தபடியே நிற்பார். அவள் மாடியேறி வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலில் நின்று கையை உயர்த்திக் காட்டுவாள். அவரும் கையை உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் வண்டியை உதைப்பார். மழையிலும் அப்படித்தான். கவனித்து எழுதிய நாட்களில் இதையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதினேன். எந்தத் தலைப்பின் கீழ் ஒட்டுவது என்று தெரியவில்லை. குறையும் இல்லை, தேவையும் இல்லை. கடைசியில் மேசை ஓரத்தில் தனியாக ஒட்டி வைத்திருந்தேன்.

அந்த முகூர்த்த நாளன்றும் அவர் கொண்டுவந்து விட்டார். அவள் கையைக் காட்டினாள். அவர் போனார்.

மதியத்துக்கு முன்னால், நான் காபி இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு முன்மேசைக்கு வந்தேன். அங்கே என்னோடு வேலை பார்க்கும் பெண் இருந்தாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி. "போன் ரூம்ல இருக்காங்கல்ல, அவங்க வீட்டுலேர்ந்து கால் வந்துச்சு. அப்பாவுக்கு லைட்டா தலைசுத்தலாம். ஒண்ணும் அவசரம் இல்லையாம். லைட் ஆஃப் ஆனதும் சொல்லிடறேன்" என்றாள்.

நான் சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நாலு அடி போனதும் ஏதோ உறுத்தியது. திரும்பி வந்தேன்.

"யாரு பேசுனது? அவங்க அம்மாவா?"

"இல்ல. பக்கத்துக் கடைக்காரராம்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் இல்லையே. அவங்க சாப்பிட்டாங்களான்னு கேட்டார். இங்கேர்ந்து தனியா வருவாங்களா, கூட யாராவது வருவாங்களான்னு கேட்டார். நல்லாதான் பேசினார்."

நான் முன்மேசைப் போனை என் பக்கம் இழுத்தேன்.

எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய வீட்டு ஆட்கள் பேசவே மாட்டார்கள். அவர்களால் பேச முடியாது, அழுதுவிடுவார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரரோ கடைக்காரரோதான் பேசுவார். வழியில் ஒருத்தி தனியாக உடைந்துபோய்விடக் கூடாது என்று கொஞ்சம் முடியலை என்று மட்டும் சொல்லுவார். அப்புறம் எத்தனை நேரம் பட்டினி கிடக்க வேண்டி வருமோ என்று, சாப்பிட்டாச்சா என்று கேட்பார். கூட ஆள் இருக்கிறதா என்று கேட்பார். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது என் பெரியப்பா இறந்தார். ஊர் டீக்கடைக்காரர்தான் விடுதிக்குப் போன் செய்தார். பெரியப்பாவுக்குக் காய்ச்சல், சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி வரச்சொல்லுங்கள் என்றார். டீக்கடைக்காரர் பேசினார் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்த எண்ணுக்கு நானே திருப்பி அடித்தேன். எடுத்தவர் சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்து போவது கேட்டது.

"நீங்க யாரும்மா?"

"அவ வேலை பாக்குற எடத்துல இருக்கேண்ணே. என்கிட்டச் சொல்லலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கடையிலயே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாரும்மா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். பாக்க வேண்டியவங்க இருந்தா வரச்சொல்லுங்கன்னுட்டாங்க டாக்டரு. பிள்ள போனு அணஞ்சு கெடக்கு. வந்து கூட்டிட்டுப் போகலாம்னா எடம் தெரியல. திருநகருன்னு தெரியும், எந்தக் கட்டடம்னு அவருக்கு மட்டுந்தேன் தெரியும். கடைச் செவுத்துல ஒங்க ஆபீசு கார்ட ஒட்டி வச்சிருந்தாரு, வெலாசம் அழிஞ்சு கெடக்கு, நம்பரப் பாத்துத்தேன் அடிச்சேன்."

"உசுரு இருக்காண்ணே?"

"இருக்கும்மா. கண்ணத் தொறந்து தொறந்து பாக்குறாரு. பிள்ளையத்தேன் தேடுறாரு. நீங்க அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிறாதீக. சும்மா மயக்கம்னு சொல்லிக் கூட்டியாங்க."

நான் போன் அறைக்கு ஓடினேன். கண்ணாடிக்கு உள்ளே அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அழகான ஆங்கிலத்தில் யாருக்கோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் கை வைத்துவிட்டேன், ஆனால் தள்ள ஒரு கணம் தயக்கமாக இருந்தது. பேச்சை நடுவில் அறுத்தால் அவளுக்குக் கம்பெனியில் கெட்ட பெயர் வரும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு மூத்தவள், வேலைக்குப் போகிற முதல் பெண் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். விளக்கு எரிந்தால் கதவைத் திறக்கவே கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தவளும் நான்தான்.

கதவைத் தள்ளினேன். அவள் திடுக்கிட்டுப் பார்த்து, பேச்சை நிறுத்தாமலேயே விளக்கை விரலால் சுட்டிக் காட்டினாள். நான் குனிந்து அந்த விளக்கை அணைத்தேன்.

அவள் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. எதிர்முனையில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு ஒருவருக்கு அழைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. அத்தாவுக்கு லேசா மயக்கமாம். வா, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருவோம்."

"நீங்க எதுக்குக்கா? நான் ஆட்டோ பிடிச்சுப் போயிக்கிறேன்."

"நானும் அந்தப் பக்கம் போகணும். வா."

அவள் போனை லாக்கரிலிருந்து நானே எடுத்தேன். அதை அவள் கையில் கொடுக்கவில்லை. அவளுடைய கைப்பையையும் எடுத்து அதற்குள் போட்டு, என் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவள் கேட்காமல் என் பின்னால் வந்தாள்.

திருநகரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். பழங்காநத்தம் வருவதற்குள்ளேயே இரண்டு மண்டபங்கள். ஒன்றின் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு நடுரோட்டில் நின்றார்கள். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பட்டுவேட்டி கட்டிய ஒருத்தர் திரும்பி, "எங்கம்மா அம்புட்டு அவசரம்? ஒரு நிமிசம் நின்னு பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துட்டுத்தேன் போயேன்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவரே கையை நீட்டி மேளக்காரர்களை ஒதுக்கி வழி விட்டார்.

நான் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம்.

"வெயில் என்னா அடி அடிக்குது பாரு. சாப்பிடாம கடை தொறந்திருப்பாரு. அதான் மயக்கம் வந்திருக்கும்."

"ஆமாக்கா" என்றாள். "காலையில என்னையக் கொண்டாந்து விடணும்னு டீ மட்டும் குடிச்சுட்டு வந்தாரு."

"குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிரும்."

"சரியாயிரும்க்கா."

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்னலில் நின்றோம். பஸ்களின் இரைச்சல். சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன், ஆனால் கண் எங்கேயோ இருந்திருக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்போது அவள் என் தோளில் கையை வைத்தாள். "அக்கா, பச்சை விழுந்துருச்சு. மெதுவாப் போங்க" என்றாள். பதறாத குரல். பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை. சிம்மக்கல் தாண்டி, வைகைப் பாலம் தாண்டி, கோரிப்பாளையம் திரும்பும் வரை அது என் தோளிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கடைக்காரர் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் வேகமாக நடந்தார். அவள் அவரைத் தாண்டி ஓடினாள்.

தீவிர சிகிச்சை அறைக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. உள்ளே ஒரே ஒருத்தரைத்தான் விடுவார்கள், அவளுடைய அம்மா உள்ளே இருந்தார். செவிலியர் அவரை வெளியே அழைத்துவிட்டு இவளை விடுவதாகச் சொன்னார். அந்தச் சில விநாடிகள் அவள் கதவுக்கு வெளியே நின்றாள். கண்ணாடி வழியாக அவளுடைய அத்தா படுத்திருந்த கட்டில் தெரிந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. கண் திறந்திருந்தது.

அவள் கையை உயர்த்தினாள். எங்கள் ஜன்னலில் நின்று தினமும் எப்படி உயர்த்துவாளோ அப்படியே. நான் வந்து சேர்ந்துவிட்டேன், நீங்கள் கவலைப்படாமல் போகலாம் என்று சொல்லுகிற அதே கை.

அவரும் விரலை அசைத்தார் என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. என்னால் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு அவள் உள்ளே போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதருகில் குனிந்து ஏதோ ஓதினாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். போன் அறையில் அவளுடைய ஹெட்போன் கழற்றி வைத்தபடி கிடந்தது. பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். முன்மேசைப் பெண் அழுது முகம் வீங்கியிருந்தாள். "அவர் அவசரம் இல்லைன்னுதான் சொன்னார்க்கா. நான் அப்படியே நம்பிட்டேன்" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டாள், வைத்த முறைப்படி நடந்தாள். அன்று நான் காபி இயந்திரத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் போராடிக்கொண்டிருந்தால் அந்தச் சேதி விளக்கு அணையும் வரை மேசையிலேயே கிடந்திருக்கும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, விளக்குகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எனக்கும் கழற்றிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பயிற்சியில் சொன்னதும் ஞாபகம் வந்தது. சரிப்பட்டு வராவிட்டால் மாற்று, ஆனால் ஆட்களைக் கேட்காமல் மாற்றாதே. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது எல்லோரும் கூடியிருந்த மேசையில் நானும் போய் உட்கார்ந்தேன். இந்த முறை ஒட்டுத்தாள் கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உங்களுக்கு வீட்டிலிருந்து ஒரு கெட்ட சேதி வந்தால், இங்கே யார் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும்?

தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். வீடியோ எடிட்டிங் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கு இவன்தான்க்கா" என்று பக்கத்து மேசைக்காரரைக் காட்டினார்.

"ஏன் மாப்ள, சட்னி கேக்குறேன்னுதான் விளக்கே போட வச்ச?"

"சட்னி கேட்டவன்தான் இதையும் சொல்லணும்" என்றார் தம்பி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கணக்கு எழுதும் அக்கா ஒருத்தர் தன் எதிர்மேசைப் பெண்ணைச் சொன்னார். இருவரும் அதுவரை அதிகம் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு ஓரத்தில் நடுவயதுக்காரர் ஒருத்தர் இருந்தார். தொடங்கிய நாளிலிருந்து வருகிறவர். வரைபடங்கள் வரைந்து அனுப்புவார். அவர் முறை வந்ததும், "எனக்கு இங்க அப்படி யாரும்..." என்று நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். அவர் தினமும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொந்தரவு பிடிக்காதவர் என்று நான் எழுதி வைத்திருந்தேன். கூப்பிட ஆளில்லாமலும் ஒருத்தர் விளக்கைப் போட்டு வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீடியோ தம்பி கை கழுவப் போகிறவர் போல எழுந்து, அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, என் பேரப் போடுங்க. நான் வந்து சொல்றேன்" என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விளக்குகளை எடுக்கவில்லை. இப்போதும் எரிகின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் விளக்கைத் தாண்டிப் போகக்கூடிய ஒருத்தர் இருக்கிறார். எங்கள் முன்மேசைக்கு யாருக்காவது போன் வந்தால், என்ன சேதி என்று மட்டும் கேட்பதில்லை. யார் பேசுகிறார்கள் என்றும் கேட்கிறோம். வீட்டு ஆள் இல்லாமல் வேறு ஒருத்தர் பேசினால், அவசரம் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும், விளக்கைத் தாண்டிப் போகக்கூடிய அந்த ஆளை உடனே எழுப்பி அனுப்பிவிடுவோம்.

என் வீட்டிலும் ஒன்று செய்தேன். அந்த வாரமே அப்பாவையும் அம்மாவையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, எந்த நிறுத்தம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று காட்டினேன். அம்மா ஏசி குளிரில் சேலையைப் போர்த்திக்கொண்டு, "சத்திரத்த விட நல்லாருக்கு" என்றார்.

அந்தப் பெண் சில வாரங்கள் கழித்து வந்தாள். அவளுடைய கம்பெனியில் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, மாடியேறி, பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கை பாதி உயர்ந்தது. பிறகு அந்தக் கையாலேயே முக்காட்டைச் சரி செய்துகொண்டு என் பக்கம் வந்தாள்.

கெட்ட சேதி வந்தால் யார் வந்து சொல்ல வேண்டும் என்ற அந்தக் கேள்வியை அவளிடமும் கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அன்று உன்னிடம் மயக்கம் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப் போனேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"எப்பத் தெரியும்? ஆஸ்பத்திரி வாசல்லயா?"

"விளக்க அணைச்சீங்கள்ல, அப்பவே. அப்புறம் என் பையை நீங்க தூக்கிக்கிட்டு முன்னால நடந்தீங்க. சும்மா மயக்கத்துக்கு யாரு பையத் தூக்குவா?"

"அப்ப ஏன்டா வழியில ஒரு வார்த்த கேக்கல?"

அவள் ஜன்னலுக்கு வெளியே, அந்த வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"நான் கேட்டா நீங்க அழுதுருவீங்க. அம்புட்டுக் கூட்டத்துல நீங்க வண்டி ஓட்டணும்ல. அத்தாகிட்டப் போய்ச் சேரணும்ல."

பிறகு போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு, போன் அறைக்குள் போய் விளக்கைப் போட்டுக்கொண்டாள்.

அடுத்தவர் இடத்தில் நின்று பார் என்று பயிற்சியில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தவள் நான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கும்போதெல்லாம், எல்லாம் தெரிந்தும் பின்னால் உட்கார்ந்து, "பச்சை விழுந்துருச்சு, மெதுவாப் போங்க" என்று சொன்னவளின் கை இன்னும் என் தோளில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.